மூத்தவன் மொழிபெயர்க்கிறான்: ஜெர்மனியில் எட்டாவது மாதம்

1. நொய்யல்கரை

வணக்கம். கடந்த ஆண்டு ஜூலைக் கடைசியில் கோவையிலிருந்து ஷ்டுட்கார்ட்டை அடுத்த ஒரு சிற்றூருக்குக் குடிவந்தோம். கணவர் பிளூ கார்டில் (தேர்ச்சி பெற்ற வெளிநாட்டுப் பணியாளருக்கான வதிவிட அனுமதி) மென்பொருள் வேலையில் இருக்கிறார். அங்கே பதினோரு ஆண்டுகள் வங்கியில் பணியாற்றிய நான் இங்கே இப்போதைக்கு வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. மகளுக்கு இரண்டு வயது பத்து மாதம். குழந்தைகள் காப்பகத்தில் இடம் கேட்டுப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறோம். முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு, எந்தக் குப்பை எந்தத் தொட்டிக்கு என்பது பற்றியெல்லாம் இந்த இணைய மன்றத்தில் ஏற்கெனவே நிறைய எழுதியிருக்கிறீர்கள், படித்துப் பயனடைந்தேன். நான் கேட்க வந்தது வேறு.

பிப்ரவரி வரை நிறுவனம் கொடுத்த தற்காலிகக் குடியிருப்பில் இருந்துவிட்டு, அதே ஊரில் ஆறு வீடுகள் உள்ள ஒரு கட்டடத்துக்கு மாறினோம். மார்ச் தொடக்கத்தில் ஒரு நாள் எங்கள் கதவின் கைப்பிடியில் சிறிய மரப்பலகை ஒன்று நூலில் கட்டித் தொங்கியது. துடைப்பம் பிடித்த பெண்ணின் படமும் 'கேர்வோஹெ' என்ற சொல்லும் அதில் இருந்தன. புது வீட்டுக்கு யாரோ அன்பளிப்பாக மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று எண்ணி, அதை உள்ளே கொண்டுபோய்ச் செருப்பு அலமாரியின் மேல் அழகாகச் சாய்த்து வைத்தேன். அந்த வாரம் படிக்கட்டைக் கூட்டித் துடைக்கும் முறை எங்களுடையது என்பதும், முடித்தபின் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாது. பலகை எங்கள் வீட்டில் அலங்காரமாக இருந்ததால் இரண்டு வாரங்களுக்கு அந்தக் கட்டடத்தில் யாருமே படிக்கட்டைத் தொடவில்லை.

மாடியில் இருக்கும் முதிய பெண்மணி கதவைத் தட்டினார். வழக்கம்போல மகனைக் கூப்பிட்டேன். ஒரு காலில் மட்டும் காலுறை அணிந்தபடி வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றான். அவர் ஏறக்குறைய மூன்று நிமிடம் பேசினார். அவன் அவருடைய காலணியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "படிக்கட்டைக் கூட்ட வேண்டுமாம் அம்மா" என்று ஒரே வரியில் முடித்தான். வங்கியில் யாராவது மூன்று நிமிடப் பேச்சை இப்படி ஒரு வரியாக்கியிருந்தால் உடனே சந்தேகப்பட்டிருப்பேன். மகன் என்பதால் தோன்றவில்லை.

அன்று இரவு விளக்கை அணைத்த பிறகு, "நீ எப்போது ஜெர்மன் படிப்பாய்?" என்று கேட்டான். ஏன் என்றதும், "பிள்ளை பேசுகிறான், அம்மாவுக்கு மட்டும் வாய் இல்லையா என்று அந்தப் பாட்டி கேட்டார்கள். நான் உன்னிடம் சொல்லவில்லை" என்றான்.

அதன்பிறகுதான் அதற்கு முந்தைய வாரம் நடந்ததையும் யோசித்துப் பார்த்தேன். மகளுக்கு யு7ஏ பரிசோதனை இருந்தது. மூன்றாவது பிறந்தநாளை ஒட்டி, 34 முதல் 36 மாதங்களுக்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் செய்யும் பரிசோதனை அது. உதவியாளர் ஜெர்மனில் ஏதோ கேட்டார். மகன் என்னிடம் திரும்பாமலேயே "யா" என்றான். குழந்தை மூன்று சொற்களைச் சேர்த்துப் பேசுகிறாளா என்பதுதான் கேள்வியாம். தமிழிலேயே அவள் இன்னும் இரண்டு சொற்களைத் தாண்டவில்லை; அதைச் சொல்லத்தான் நான் போயிருந்தேன். தங்கையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அவன் நினைத்திருக்கிறான்.

இதனால் பையன் கெட்டிக்காரனாகிறான் என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. இதில் எதை அவனிடம் விடலாம், எதை விடக் கூடாது? குழந்தையை விட்டுவிட்டு வகுப்புக்கே போக முடியாத நிலையில் இதிலிருந்து நான் எப்படி வெளியே வருவது? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவளாவேன்.

2. பாலாற்றுப் பயணி

சகோதரி, நாங்கள் ம்யூனிக்கில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறோம். எங்கள் இரு பிள்ளைகளும் இதையே செய்தார்கள், ஒரு குறையும் வந்துவிடவில்லை. ரொட்டிக் கடையில் என் மகள் எனக்காகப் பேசும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையை நான் பார்த்திருக்கிறேன். நம் ஊரிலும் படிக்காத பாட்டிக்குப் பேரப்பிள்ளைகள் கடிதம் படித்துக் காட்டியிருக்கிறார்கள். அதை யாரும் கொடுமை என்று சொன்னதில்லை. கடிதங்களைக் கைபேசியில் படம் பிடித்தால் இப்போது உடனே மொழிபெயர்த்துவிடுகிறது. ஓராண்டு பொறுத்துக்கொள்ளுங்கள், எல்லாம் தானாகச் சரியாகும். அந்தப் பாட்டியின் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஷ்டுட்கார்ட்டைச் சுற்றிய ஷ்வாபியப் பகுதியில் படிக்கட்டு என்பது ஏறக்குறைய ஒரு மதம்.

3. வன்னிவேம்பு

தங்கச்சி, தம்பி பாலாற்றுப் பயணி சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ரொட்டிக் கடையும் வைத்தியரின் அறையும் ஒன்றல்ல.

நான் 1985 இல் இலங்கையிலிருந்து வந்தவன். அந்த நாட்களில் எங்களில் பலர் கிழக்கு பேர்லினை ஒட்டிய ஷொனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலில் மேற்கு பேர்லினுக்குள் வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தோம். விண்ணப்பம் கொடுத்தவனுக்கு மொழி வகுப்பு என்று எந்த உரிமையும் இருக்கவில்லை. இன்று எல்லோரும் பேசும் ஒருங்கிணைப்பு வகுப்பு, அதாவது குடிவந்தவர்களுக்கான அரசின் மொழி வகுப்பு, 2005 ஜனவரியில் புதிய குடிவரவுச் சட்டத்தோடுதான் வந்தது. அதற்குள் எனக்கு இங்கே இருபது வருடங்கள் போய்விட்டன. நான் படித்த டொச் (ஜெர்மன் மொழி) உணவகச் சமையலறையில் படித்தது. கத்தி, சட்டி, சூடு, கெதியாக என்பவை எல்லாம் தெரியும். 'எனக்கு விளங்கவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள்' என்று மரியாதையாகச் சொல்லத் தெரியாது.

மனைவிக்கு வயிற்றில் நோவு வந்தபோது எட்டு வயது மகளைத்தான் கூட்டிக்கொண்டு போனோம். வைத்தியர் 'சூஸ்டெ' என்று சொன்னார். நீர்க்கட்டி என்று அர்த்தம். பிள்ளைக்கு அந்தச் சொல் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை. "ஒன்று வளர்கிறதாம், வெட்ட வேண்டுமாம்" என்று எங்களிடம் சொன்னாள். தாய் சாகப் போகிறாள் என்று முடிவுகட்டி, சத்திரசிகிச்சை முடியும்வரை மூன்று கிழமை அதை மனதுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். இது எங்களுக்குத் தெரிந்தது அவளுடைய கலியாணத்துக்குப் பிறகு, சிரிப்புக் கதையாக அவள் சொன்னபோதுதான். எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அதன்பின் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். கடை, பேருந்து, பக்கத்து வீட்டுக்காரருக்கு வணக்கம் சொல்வது போன்றவற்றில் பிள்ளை உதவலாம். வைத்தியர், கந்தோர், வீட்டுக்காரர், பாடசாலையில் ஆசிரியரோடு அவர்களைப் பற்றியே நடக்கும் பேச்சு ஆகியவற்றில் பிள்ளை வாய் திறக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதை மறந்துவிடாதீர்கள்: தன்னைப் பற்றிய முறைப்பாட்டைத் தானே மொழிபெயர்க்கும் பிள்ளை அதைப் பாராட்டாக்கித் தருவான். பெடியனில் பிழையில்லை, நானும் அந்த வயதில் அதையே செய்திருப்பேன்.

தானாகச் சரியாகும் என்பதும் உண்மையல்ல. ஹம் நகரின் காமாட்சி அம்பாள் கோவில் தேருக்கு ஒவ்வொரு வருடமும் போகிறேன். என் வயதுக்காரர் சிலரை அங்கே காண்பேன். 2002 இல் அந்தப் பெரிய கோவிலின் குடமுழுக்கின்போது மகனையோ மகளையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசியவர்கள், இன்றும் வைத்தியரிடம் போக அதே பிள்ளைக்கு விடுமுறை எடுக்கச் சொல்கிறார்கள். பிள்ளைக்கு நாற்பது வயது.

4. மழலைத்திண்ணை

நான் உங்கள் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்திலேயே ஒரு குழந்தைகள் காப்பகத்தில் ஒன்பது ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். மகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு நாள் கடத்த முடியாது. நாளைக் காலையிலேயே மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்து, பரிசோதனையில் உங்கள் பதில் சரியாகப் பதிவாகவில்லை என்று சொல்லி வேறொரு நேரம் கேளுங்கள். குழந்தையின் பரிசோதனைகளைப் பதியும் மஞ்சள் ஏட்டில் எழுதியதைத் திருத்த மாட்டார்கள் என்று தயங்க வேண்டாம். அவர்கள் அறிய விரும்புவது குழந்தை ஜெர்மன் பேசுகிறாளா என்பதை அல்ல, தன் தாய்மொழியில் எவ்வளவு பேசுகிறாள் என்பதைத்தான். அதைச் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். தமிழில் அவள் சொல்லும் சொற்களை ஒரு வாரம் தாளில் குறித்துக்கொண்டு போங்கள். இரு மொழிகளைக் கேட்பதனால் பேச்சு தாமதமாகிறது என்று யாராவது சொன்னால் அத்தோடு திருப்தியடைந்து வந்துவிடாதீர்கள். காது கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.

இப்போது மகனுக்கு வருகிறேன். அவன் சரளமாகப் பேசுகிறான் என்று எல்லோரும் நினைப்பதில் ஒரு கண்கட்டு இருக்கிறது. விளையாட்டுத் திடலில் பேசும் மொழி வேறு, பாடப்புத்தக மொழி வேறு. கனடாவைச் சேர்ந்த ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர் 1970களின் இறுதியிலேயே இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். அன்றாடப் பேச்சு ஏறக்குறைய 2 ஆண்டுகளில் வந்துவிடும், பாடங்களைக் கற்கத் தேவையான மொழியில் வகுப்புத் தோழர்களை எட்ட 5 முதல் 7 ஆண்டுகள் ஆகலாம் என்பது அவர் முன்வைத்த கணக்கு. உங்கள் மகன் எட்டாவது மாதத்தில் இருக்கிறான். பந்தை என்னிடம் போடு என்று அவனால் சொல்ல முடிகிறது என்பதற்காக, வாடகை ஒப்பந்தத்தில் துப்புரவு முறை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை அவன் புரிந்துகொள்வான் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அந்தப் பாட்டி பேசியதில் பாதி அவனுக்கு உண்மையிலேயே புரியாமல் போயிருக்கவும் கூடும். அவன் மறைத்தது ஒரு வரி. மற்ற வரிகள் வந்து சேரவே இல்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. இந்தச் சிக்கலைத் தீர்ப்பதாக நினைத்து வீட்டில் ஜெர்மன் பேசத் தொடங்கிவிடாதீர்கள். எங்கள் காப்பகத்தில் அப்படிச் செய்த பெற்றோர்கள் இருக்கிறார்கள். அரைகுறையாகக் கற்ற மொழியில் ஒரு தாயால் "சாப்பிடு, தூங்கு, வா" என்பதைத் தாண்டிப் போக முடிவதில்லை. பையன் இரவில் விளக்கை அணைத்துவிட்டு உங்களிடம் சொன்னானே, அந்தப் பேச்சு தமிழில்தானே நடந்தது?

5. கணக்குப்பிள்ளை

சட்டமும் நடைமுறையும் எனக்குத் தெரிந்த அளவில்.

பிற குடும்பங்களில் துணைவர் ஜெர்மனிக்கு வருவதற்கு முன்பே ஏ1 (தொடக்கநிலை ஜெர்மன்) சான்று காட்ட வேண்டும் என்பதே பொதுவிதி. பிளூ கார்டு வைத்திருப்பவரின் துணைவருக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. வந்த நாள் முதல் எந்த வேலையும் செய்யும் உரிமையும் உண்டு. இதை எல்லோரும் சலுகை என்று சொல்கிறோம், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் நடப்பதைப் பாருங்கள்: கணவர் ஆங்கிலத்தில் இயங்கும் அலுவலகத்துக்குப் போய்விடுகிறார், பிள்ளை ஜெர்மனில் இயங்கும் பள்ளிக்குப் போய்விடுகிறது, ஒரு சொல்லும் தெரியாமல் வர அனுமதிக்கப்பட்டவர்தான் அஞ்சல் பெட்டியையும் மருத்துவரையும் மாடிவீட்டுப் பாட்டியையும் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. முன்பே ஏ1 எழுதிவிட்டு வந்தவர்கள் திட்டிக்கொண்டேதான் எழுதினார்கள், ஆனால் அவர்களுக்கு முதல் மாதத்திலேயே பத்து வாக்கியங்களாவது இருந்தன.

கணவருக்கும் இதில் சொந்த அக்கறை இருக்கிறது. பிளூ கார்டில் இருப்பவர் நிரந்தர வதிவிட உரிமை பெற ஏ1 அளவு மொழியறிவோடு 27 மாதங்கள், இடைநிலையான பி1 இருந்தால் 21 மாதங்கள். குடியுரிமைக்கு 5 ஆண்டுகளும் பி1 சான்றும் பொதுவான நிபந்தனைகள். ஆகவே மாலை வகுப்பு ஒருவருக்கா இருவருக்கா என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். 'அவளுக்கு நேரமில்லை' என்று சொல்பவர் தன் நேரத்தையும் கணக்கில் வைக்கட்டும்.

வழக்கமான ஒருங்கிணைப்பு வகுப்பு 600 பாடவேளை மொழியும் 100 பாடவேளை நாட்டின் சட்டம், வரலாறு, வாழ்க்கைமுறை பற்றிய பாடமும் கொண்டது. பி1 அதன் இலக்கு.  உங்களுக்கு அதில் சேரும் தகுதி உண்டா என்பதை உங்கள் ஊர் வெளிநாட்டினர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். இல்லையென்றாலும் ஃபோல்க்ஸ்ஹோஹ்ஷூலே எனப்படும் மக்கள் கல்வி நிலையம் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் உண்டு; மாலை வகுப்புகளை அவர்கள் தனியாகவே நடத்துகிறார்கள்.

மருத்துவரைப் பொறுத்தவரை, மொழிபெயர்ப்பாளருக்கான செலவை அரசு சார்ந்த மருத்துவக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. பலர் பிள்ளைகளைக் கூட்டிச் செல்வதற்கு இதுவே காரணம். ஆனால் மருத்துவர் அமைப்புகளின் இணையத் தேடல் பக்கங்களில் மருத்துவர் பேசும் மொழியைக் குறிப்பிட்டுத் தேட முடியும். நீங்கள் வங்கியில் இருந்தவர், உங்களுக்கு ஆங்கிலம் போதும். அவசரமில்லாத இரவு நேர உடல்நலக் குறைவுக்கு 116117, உயிருக்கு ஆபத்தென்றால் 112; இந்த இரண்டையும் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்து, வீட்டு முகவரியைப் பிசகில்லாமல் ஜெர்மனில் சொல்ல நீங்களே பழகிக்கொள்ளுங்கள்.

கேர்வோஹெ பற்றி ஒரு சிறு குறிப்பு: ஷ்டுட்கார்ட் நகரச் சட்டத்தில் 1492 ஆம் ஆண்டிலேயே வாரந்தோறும் துப்புரவு செய்யும் கடமை எழுதப்பட்டிருந்தது. நகராட்சி விதியாக அது 1988 இல் நீங்கியது. ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் இருந்தால் அது உங்களைக் கட்டுப்படுத்தும்.

6. பாலாற்றுப் பயணி

வன்னிவேம்பு ஐயாவின் பதிவைப் படித்தபின் என் முந்தைய பதிவில் அவசரப்பட்டு எழுதியிருக்கிறேன் என்று ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் கணவன் மனைவி இருவருமே ஆங்கிலம் பேசும் மருத்துவரிடம் போனவர்கள். எங்கள் பிள்ளைகள் கடையில் மட்டும்தான் பேசினார்கள். அந்த அனுபவத்தை வைத்து எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. பிள்ளை வாயே திறக்கக் கூடாது என்ற கோட்டை ஏழு வயதுப் பையனிடம் திடீரென்று போட்டால், தான் ஏதோ தவறு செய்துவிட்டதால்தான் அம்மா தன்னைக் கூப்பிடவில்லை என்று அவன் எண்ண மாட்டானா? அந்த இரவுக்கு மறுநாளே நிறுத்தினால் அவன் போடும் கணக்கு அதுவாகத்தான் இருக்கும்.

7. இரண்டாம் பெயர்

பாலாற்றுப் பயணியின் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நான்தான் அந்தப் பிள்ளை. 1991 இல் இங்கேயே பிறந்தவள். தமிழை வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் கற்றேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடும்பத்துக்கு அப்போது 'டுல்டுங்' மட்டும்தான் இருந்தது. அது வதிவிட உரிமை அல்ல. நாடுகடத்துவதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று சொல்லும் தாள், அவ்வளவுதான். சில மாதங்களுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். ஒன்பது வயதில் ஒரு நாள் பாடசாலையிலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே அப்பா ஒரு கடிதத்தை நீட்டினார். அதில் 'அப்ஷீபுங்' என்ற சொல் இருந்தது. அதற்குத் தமிழில் நாடுகடத்தல் என்று சொல்வார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. டொச்சில் என்ன அர்த்தம் என்பது நன்றாகத் தெரியும், ஏனென்றால் வகுப்பிலிருந்து ஒரு கொசோவோப் பெண்பிள்ளை அப்படித்தான் காணாமல் போயிருந்தாள். "வெள்ளிக்கிழமை வரச் சொல்கிறார்கள்" என்று மட்டும் சொன்னேன். வாக்கியத்தில் பொய் இல்லை. கடிதத்தில் மூன்று பந்திகள் இருந்தன.

ஆகவே உங்கள் மகன் ஒரே வரியில் முடித்ததைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை. இது பொய் சொல்லும் பழக்கம் அல்ல. பெற்றோரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிற பிள்ளை எந்த வரியில் அந்த முகம் மாறும் என்பதைக் கண்டுபிடித்துவிடுகிறது. அந்த வரியைத் தாண்டிப் போகிறது.

மொழிபெயர்க்க வைத்ததற்காக நான் அப்பாவைக் குறை சொல்லவில்லை. அவருக்கு வகுப்பும் இல்லை, காசும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. அதைவிட வலித்தது வேறு. கடிதத்தை வாசித்து முடித்ததும், "சரி, போய்ப் படி" என்று என்னை அறைக்கு அனுப்பிவிட்டுப் பெரியவர்கள் கதைப்பார்கள். அந்தக் கடிதம் என்ன ஆனது, வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. வாசிக்கும்போது நான் பெரியவள், வாசித்து முடித்ததும் சின்னப்பிள்ளை.

அதனால் நொய்யல்கரை அக்கா, மகனிடமிருந்து இந்த வேலையைப் பறிக்கும்போது பேசாமல் பறிக்காதீர்கள். அந்தப் பாட்டி சொன்னது அம்மாவைப் பற்றியது, அதற்கு அம்மா பதில் சொல்லிக்கொள்வாள், நீ சொன்னது நல்லதுதான் என்று தமிழில் சொல்லுங்கள். பாட்டியிடம் பேசிவிட்டு வந்து, என்ன பேசினீர்கள் என்பதையும் அவனுக்குச் சொல்லுங்கள்.

நான் இப்போது ஒரு நகராட்சி அலுவலகத்தின் முகப்பில் வேலை செய்கிறேன். அலுவல் மொழி டொச் என்று நிர்வாக நடைமுறைச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் காட்டி ஆங்கிலம் பேச மறுக்கும் சக பணியாளர்கள் உண்டு. ஆனால் பிள்ளை ஒன்று நடுவில் நின்று பேசத் தொடங்கும்போது எங்களில் பலருக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. பல ஊர்களில் தன்னார்வ மொழித்துணையாளர்களின் பட்டியல் இருக்கும். முகப்பில் நிற்பவர் தானாகச் சொல்ல மாட்டார், கேட்டால் கொடுப்பார். 'ஷ்ப்ராஹ்மிட்லர்' என்று கேளுங்கள்.

8. வன்னிவேம்பு

பிள்ளை, உங்கள் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். என் மகளுக்கும் அனுப்பினேன். அவள் "இப்பதான் தெரியுமா அப்பா?" என்று மட்டும் பதில் போட்டாள்.

9. நொய்யல்கரை

எல்லோருக்கும் நன்றி. நான்கு வாரங்கள் கழித்து எழுதுகிறேன்.

மருத்துவரிடம் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். ஆறு வாக்கியங்களை ஜெர்மனில் தாளில் எழுதி, பேருந்து நிறுத்தத்தில் நின்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். இரண்டாவது வாக்கியத்திலேயே நான் திணற, மருத்துவர் தெளிவான ஆங்கிலத்தில் பேசத் தொடங்கிவிட்டார். போன முறை ஏன் பேசவில்லை என்றதற்கு, "உங்கள் மகன் இவ்வளவு அழகாகப் பேசும்போது குறுக்கிட வேண்டாம் என்று நினைத்தேன்" என்றார். எனக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மழலைத்திண்ணை சொன்னபடி தமிழ்ச் சொற்களின் பட்டியலைக் கொடுத்தேன். மொத்தம் அறுபத்தொரு சொற்கள், அவற்றில் பதினான்கு அண்ணனின் பெயரின் வெவ்வேறு உச்சரிப்புகள் என்று அவரிடம் சொன்னபோது அவரும் சிரித்தார். காது மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறார், மே மாதம் நாள் கிடைத்திருக்கிறது.

மொழி வகுப்பு செவ்வாய், வியாழன் மாலைகளில். கணவர் அந்த இரு நாட்களும் ஐந்தரைக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்பதைத் தன் அலுவலக நாட்காட்டியில் கூட்டம் போலவே பதிந்து வைத்திருக்கிறார். கணக்குப்பிள்ளையின் கடைசி வரியை அவரிடம் காட்டினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. இதில் சிறு நட்டமும் உண்டு. கோடையில் மூன்றரை மணிநேர வித்தியாசம்தான் என்றாலும், நான் வகுப்பு முடிந்து வரும்போது அங்கே நடுநிசி தாண்டிவிடுகிறது. அந்த இரு நாட்கள் அம்மாவோடு பேச முடிவதில்லை. காலையில் பேசிக்கொள்ளலாம் என்கிறார் அம்மா, ஆனால் காலையில் எங்கள் இருவருக்கும் பேச ஒன்றும் இருப்பதில்லை.

மகனிடம் 'இரண்டாம் பெயர்' எழுதியிருந்ததைப் போலவே சொன்னேன். "அப்படியென்றால் நான் இனிமேல் பேசவே கூடாதா?" என்று கேட்டான். கடையில் பேசலாம், பேருந்தில் பேசலாம் என்றேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, பனிக்கூழ்க் கடை எதில் சேர்த்தி என்று கேட்டான்.

பலகை போன வாரம் மறுபடியும் எங்கள் கதவுக்கு வந்தது. சனிக்கிழமை காலை வாளியும் துணியுமாக இறங்கினேன். பாதிப் படியில் இருந்தபோது மாடிவீட்டு அம்மையார் வந்து நின்று பார்த்தார். பேசாமல் உள்ளே போய் ஒரு சிறிய கைத்தூரிகையைக் கொண்டுவந்து, படியின் ஓரத்துக் கம்பிக்குக் கீழே எப்படித் தேய்க்க வேண்டும் என்று குனிந்து காட்டினார். பிறகு ஏதோ கேட்டார். மகன் கதவருகே நின்றுகொண்டிருந்தான், வாயைத் திறந்தான். அவன் தோளில் கை வைத்துவிட்டு, மன்னிக்க வேண்டும், நான் மெதுவாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், இந்த வாரம் என்னுடையது என்று மனப்பாடம் செய்திருந்ததை நானே சொன்னேன். அவர் தலையசைத்தார். "குட்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவர் அதிகம் சிரிப்பவர் அல்ல என்று இப்போது தெரிகிறது.

பலகையை எதிர்வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு உள்ளே வந்ததும், அவர் என்ன சொன்னார் என்பதை அவனிடம் சொல்லத் தொடங்கினேன். எல்லாம் எனக்குக் கேட்டது என்றான். வாரம் என்பதற்கு 'டெர் வோஹெ' அல்லவாம், 'டீ வோஹெ'யாம். மூன்று முறை என்னைச் சொல்ல வைத்துவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு கீழே ஓடினான்.